தரங்கம்பாடி: நஷ்டக் கணக்கில் பிழைத்த ஊர்

1655 முதல் 1669 வரை தரங்கம்பாடிக் கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்களின் மொத்த எண்ணிக்கை ஒன்று. எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்று பெயர். பெரிய குடும்பத்துப் பிள்ளையும் இல்லை, அதிகாரியும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண ஆள். டென்மார்க்கிலிருந்து 1639-க்குப் பிறகு இங்கே வர ஒரு கப்பலும் கிளம்பவில்லை. அவரை வேலைக்கு வைத்திருந்த டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியையே 1650-ல் இழுத்து மூடிவிட்டார்கள். டென்மார்க் மன்னர் இந்த ஊரை பிராண்டன்பர்க் ஆட்சியாளருக்கு விற்றுவிடக்கூடப் பார்த்தார். பேச்சுவார்த்தை முடிந்தது, பணம்தான் வரவில்லை. அந்த ஆட்சியாளரிடமும் காசில்லை.

கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, மிஞ்சிய எஸ்கில் கொடியை இறக்கவில்லை. போர்ச்சுகீசியம் பேசும் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் சிலரைக் கூட வைத்துக்கொண்டு, குத்தகைப் பாக்கி கேட்டு முற்றுகையிட்ட தஞ்சை நாயக்கர் படையைத் திரும்பத் திரும்பச் சமாளித்தார். வங்கக் கடலில் போன கப்பல்களை மடக்கிப் பிடித்து, அந்தச் சரக்கை விற்ற பணத்தில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார். சுருக்கமாகச் சொன்னால் கடற்கொள்ளை. அவ்வப்போது வேறு நாட்டுக் கப்பல்களில் ஊருக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் 1669-ல் ‘ஃபேரோ’ என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது, கோட்டையும் ஊரும் மதிலோடு பத்திரமாக இருந்தன.

தரங்கம்பாடியின் ஜாதகமே இந்த ஆளின் கதையில் இருக்கிறது. லாபம் கொட்டும் என்று ஆரம்பித்தார்கள். நஷ்டத்தில் ஓடியது. கைவிட்டார்கள். கைவிட்டதாலேயே மிஞ்சியது.

மயிலாடுதுறை மாவட்டத்தின் தென்கோடியில், பொறையாரை ஒட்டி, காரைக்காலுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது ஊர். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு எங்கோ போகிற வழியில் இறங்குகிறவர்கள். திருநள்ளாற்றில் எள் தீபம் ஏற்றிவிட்டு வருவார்கள். திருக்கடையூரில் தாத்தா பாட்டிக்குச் சதாபிஷேகம் முடித்த கையோடு, பட்டுப்புடவையும் மாலை வாடையுமாக வேனில் வந்து இறங்குவார்கள். கோட்டைக்கு முன்னால் ஒரு குரூப் போட்டோ, அலையில் கால் நனைத்தல், சுண்டல். ஒரு மணி நேரத்தில் வேன் கிளம்பிவிடும். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது நடந்து பார்க்க வேண்டிய ஊர். அதுவும் கடற்கரையிலிருந்து அல்ல, வாசலிலிருந்து.

வாசல் என்றால் நிஜமான வாசல். ஊருக்குள் நுழையும் இடத்தில் 1792-ல் கட்டிய நுழைவாயில் வளைவு, டேனிஷ் அரச முத்திரையோடு நிற்கிறது. அப்போது கவர்னராக இருந்தவர் பீட்டர் ஆங்கர், நார்வேக்காரர். நிர்வாகத்தைவிட ஓவியத்தில் அதிகம் பேர் வாங்கியவர். அவர் தீட்டிய இந்தப் பக்கத்துக் கோயில்களும் கடற்கரையும் இன்று நார்வே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வளைவைத் தாண்டினால் ராஜ வீதி, அதாவது கிங்ஸ் ஸ்ட்ரீட். பேருந்து இரைச்சல் பின்னால் நின்றுவிடுகிறது. நேரே போனால் கடல்.

இந்த ஒரே தெருவில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் ஆலயம் 1701-ல் வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் தமிழர்களுக்காகக் கட்டியது. முன்னதில் நின்று யோசிக்க வேண்டிய தேதி ஒன்று உண்டு. 1707 மே 12 அன்று இங்கே முதன்முதலாக இந்தியர் ஐந்து பேருக்கு லூத்தரன் ஞானஸ்நானம் நடந்தது. அந்த ஐந்து பேரும் டேனிஷ்காரர்கள் வீட்டு அடிமைகள். சுற்றுலாக் கையேடுகள் ஞானஸ்நானத்தைச் சொல்லும், அடிமை என்பதை விழுங்கிவிடும்.

தெருக் கடைசியில், மைதானத்துக்கு அந்தப் பக்கம், மஞ்சள் பூச்சோடு டேன்ஸ்பர்க் கோட்டை. உள்ளூர்க்காரர்களுக்கு டேனிஷ் கோட்டை. கோட்டை என்றதும் செஞ்சியையும் வேலூரையும் நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இது கோட்டை வேஷம் போட்ட கிடங்கு. கீழே மிளகு மூட்டையும் வெடிமருந்தும் சிறையும், மேலே கவர்னருக்கும் பாதிரியாருக்கும் அறைகள். வளைந்த கூரைகளின் கீழே நடந்தால் வெயில் நேரத்திலும் குளிர்ச்சியாக இருக்கிறது. தமிழக அரசுத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது. சீனத்துத் தேயிலை ஜாடி, பீங்கான், வாள், பீரங்கிக் குண்டு, ராட்சத வாணலி, திமிங்கலத்தின் எலும்பு என்று பழைய வீட்டுப் பரண்போல ஒரு கலவை.

இந்தக் கோட்டைக்கு மனை கிடைத்த கதை கொஞ்சம் ரத்தம் படிந்தது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியான் 1616-ல் கம்பெனி தொடங்கினார். ஆலந்துக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மிளகில் சம்பாதிப்பதைப் பார்த்து வந்த ஆசை. ஓவ கெட்டே என்ற இருபத்துச் சொச்சம் வயது கடற்படைப் பிரபு தலைமையில் கப்பல்கள் கிளம்பின. முதலில் போனது இலங்கைக்கு. போர்ச்சுகீசியரை விரட்டக் கண்டி மன்னருக்கு உதவுவதாகப் பேச்சு. போய்ச் சேர்வதற்குள் கண்டி மன்னர் போர்ச்சுகீசியரோடு சமாதானமாகிவிட்டார். திருகோணமலையில் காலூன்றப் பார்த்ததும் பலிக்கவில்லை. முன்கூட்டி அனுப்பிய ‘ஓரசுண்ட்’ என்ற கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர் தாக்கி அழித்தார்கள். பிடிபட்டவர்களின் தலைகளைக் கடற்கரையில் நட்டு வைத்ததாகச் சொல்வார்கள். தப்பியவர்களில் ரோலண்ட் கிராப்பே என்ற வியாபாரி தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே இருந்தவர் ரகுநாத நாயக்கர். வீணையும் காவியமும் மட்டும் தெரிந்தவர் இல்லை. நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர் கை ஓங்கியிருந்த நேரம். எதிரே இன்னொரு வியாபாரியை உட்கார வைத்தால் இருவரிடமும் பேரம் பேசலாம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. தங்கத் தகட்டில் தமிழில் எழுதி, தெலுங்கில் கையெழுத்திட்டு நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

கோட்டையின் ஆரம்ப நாட்களை நேரில் பார்த்து எழுதிய ஆள் ஒருவர் உண்டு. ஐஸ்லாந்துக்காரர். யோன் ஓலாஃப்சன் என்ற அந்தச் சிப்பாய் 1620-களில் இங்கே காவல் பார்த்தார். பீரங்கி வெடித்துப் படுகாயமடைந்து ஊர் திரும்பி, கிழவராகி, தன் கதையை எழுதி வைத்தார். கோயில் தாசிகளின் ஆட்டம், திருவிழா, படைவீரர்களின் தினப்படி வாழ்க்கை எல்லாம் அதில் வருகிறது. வருஷத்தில் பாதி பனியில் கிடக்கும் தேசத்தில் உட்கார்ந்து ஒருவர் சோழ நாட்டுக் கடற்கரையை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்.

மணலில் எழுதியவர்

எஸ்கிலுக்குப் பிறகு வியாபாரம் மறுபடி தொடங்கியது. ஆனால் தரங்கம்பாடி உலகத்துக்குத் தெரிந்தது மிளகாலோ துணியாலோ அல்ல. 1706 ஜூலை 9 அன்று கப்பலில் வந்து சேர்ந்த இரண்டு ஜெர்மன் இளைஞர்களால். பர்த்தலோமேயு சீகன்பால்குக்கு அப்போது வயது 24-கூட நிரம்பவில்லை. கூட வந்தவர் ஹென்ரிக் புளூட்சோ. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பியவர்கள் என்று பெயர்தானே தவிர, இங்கே இருந்த கம்பெனி அதிகாரிகளுக்கு அவர்களைக் கண்டாலே ஆகவில்லை. வியாபாரம் செய்யும் இடத்தில் மதம் பேசினால் உள்ளூர் மக்கள் முகம் சுளிப்பார்கள், கல்லா படுத்துவிடும் என்பது அவர்கள் கவலை. கவர்னர் ஹாசியஸ் 1708-ல் சீகன்பால்கைப் பிடித்து இதே கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார்.

சீகன்பால்க் தமிழ் படித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. எழுபது வயது திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரை அணுகி, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு மாற்றச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் சம்மணமிட்டு, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அழகப்பன் என்பவர் பேச்சுத் தமிழுக்குத் துணை; கம்பெனியில் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, வேலை பார்த்த அழகப்பனுக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். இரண்டு வருஷத்துக்குள் சீகன்பால்க் தான் படித்த, சேகரித்த ஓலைச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே போட்டுவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் அதில் உண்டு. திருக்குறளும் உண்டு. விதவைகளிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கியதாகவும் எழுதியிருக்கிறார். மதம் மாற்ற வந்தவர்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் மாற்ற வந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து மலைத்தும் போனார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி அனுப்பிய ஜெர்மன் நூலை ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து இந்தப் பணியை நடத்திய பெரியவர்கள் அச்சிடவில்லை. அழிக்கச் சொல்லி அனுப்பினால் அதையே எழுதி அனுப்புகிறானே என்று அவர்களுக்கு எரிச்சல். அந்த நூல் அச்சேற 1867 ஆயிற்று. அதுவும் சென்னையில்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில்தான் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். தமிழ் எழுத்து அச்சில் ஏறியது அதற்கு வெகு முன்னால், 1578-ல் கொல்லத்தில். ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சின்ன நூல். ஆனால் அந்த முயற்சி சில பத்தாண்டுகளில் தேய்ந்துவிட்டது. தரங்கம்பாடியில் தொடங்கியது நிற்கவில்லை, பெருமை அதற்குத்தான்.

அந்த அச்சு இயந்திரம் வந்து சேர்ந்ததே பெரிய கூத்து. லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவச் சங்கம் அதை அனுப்பியது. வழியில் பிரேசில் அருகே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். மீட்டுக் கிளம்பினால், கூட வந்த அச்சுத் தொழிலாளி காய்ச்சலில் இறந்துபோனார். இயந்திரம் மட்டும் வந்தது, ஓட்ட ஆளில்லை. கோட்டைச் சிப்பாய்களில் ஒருவருக்கு அந்தத் தொழில் தெரிந்திருந்ததால் பிழைத்தார்கள். 1713-ல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்து அச்சுகள் வந்தன. அவையோ ரொம்பப் பெரியவை. அந்த அளவில் அடித்தால் காகிதம் போதாது. எனவே ஆட்லர் என்ற வார்ப்புக்காரர் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. காகிதத்துக்கும் பக்கத்திலேயே ஓர் ஆலை வைத்துப் பார்த்தார்கள். ஆலை போய்விட்டது, பொறையாரில் அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப் பட்டறை என்றுதான் பெயர்.

சீகன்பால்க் 1719-ல், 36 வயதில் இறந்தார். தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அங்கே போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போகலாம். இந்தச் சபைக்குள் சாதி பார்த்துத் தனித்தனி இருக்கை இருந்தது. 1733-ல் ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ராஜநாயக்கன் என்ற உபதேசியாருக்குத் தகுதி இருந்தும் கொடுக்கவில்லை. மற்றவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஐரோப்பாவிலிருந்து அச்சு இயந்திரத்தைக் கொண்டுவர முடிந்தவர்களால் இந்த ஒரு வேலையைச் செய்ய முடியவில்லை.

இந்தச் சபையின் வாரிசான தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையின் தலைமையகம் திருச்சியில் இருக்கிறது. பேராயருக்குப் பட்டம் என்னவோ இன்றும் ‘தரங்கம்பாடிப் பேராயர்’தான்.

பன்னிரண்டரை லட்சம்

18-ம் நூற்றாண்டில் ஊருக்கு நல்ல காலம் வந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்ட நேரத்தில் டென்மார்க் நடுநிலை நாடு. யார் சரக்கையும் தன் கொடியில் ஏற்றலாம். சண்டை மூண்டால் தரங்கம்பாடியில் கல்லா நிறையும். 1784-ல் கட்டிய கவர்னர் பங்களாவின் தூண்களில் அந்தப் பணம் தெரிகிறது. தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான கோனிக் என்ற மருத்துவர் இங்கே வந்து செடிகொடிகளைச் சேகரித்துப் பெயர் சூட்டியதும் அந்தக் காலத்தில்தான்.

நெப்போலியன் காலத்துப் போரில் நடுநிலை செல்லவில்லை. 1808-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக்கொண்டு சில ஆண்டுகள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் வியாபாரம் செத்துவிட்டது. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டு டென்மார்க் கணக்கை முடித்துக்கொண்டது. கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் இங்கே குடியிருந்தார். தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீப்பாக இருந்தார். 1860 வாக்கில் கலெக்டர் கச்சேரி தஞ்சாவூருக்குப் போயிற்று. ரயிலும் நாகப்பட்டினத்துக்குத்தான் முதலில் வந்தது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குத் தண்டவாளம் வர 1926 ஆயிற்று. அதுவும் 1986-ல் நின்றுபோனது.

துறைமுகமும் கச்சேரியும் நிலைத்திருந்தால் இந்தத் தெருக்களை எப்போதோ இடித்து மூன்று மாடி கட்டியிருப்பார்கள். யாருக்கும் இடிக்கத் தேவைப்படாத அளவுக்கு ஊர் ஏழையாயிற்று. அதனால்தான் மதிலுக்குள் தெருக்கள் 200 வருஷத்துக்கு முந்தைய கோட்டிலேயே ஓடுகின்றன. 2000-களின் தொடக்கத்தில் டென்மார்க்கிலிருந்து ஆர்வலர்கள் வந்து கோட்டையைப் புதுப்பிப்பதில் கை கொடுத்தார்கள். டேனிஷ் கட்டடங்களுக்கு டேனிஷ் பணம் வந்தது, நியாயம்தான். திண்ணையும் மரத்தூணுமாக நிற்கும் தமிழ் வீடுகள் சிலவும் சீரமைக்கப்பட்டன. பொற்கொல்லர் தெருப் பக்கம் போனால் பார்க்கலாம். மற்றவற்றில் பல, கூரை இறங்கி, வாரிசுகள் எங்கோ வெளியூரில் இருக்க, பூட்டியே கிடக்கின்றன. பாரம்பரியம் என்று பேச ஆரம்பித்தால் நாம் ஏன் எப்போதும் வெள்ளைக்காரன் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

கோட்டைக்கு வடக்கே கரையோரம் நிற்கும் மாசிலாமணி நாதர் கோயில் டேனிஷ்காரர்களுக்கு 300 வருஷம் மூத்தது. பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியதைத் திருப்பணி செய்து, அலை தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் அந்தக் கற்களின் மேல் உட்கார இடம் பிடிக்கப் போட்டி நடக்கும்.

கடல் எடுத்தது கோயிலை மட்டுமா? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தரங்கம்பாடி மீனவர் தெருக்களும் அதில் சிதைந்தன. கோட்டை நின்றது. பிறகு மீனவர்களுக்கு உள்ளே தள்ளிப் புதிய வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். வீடு தள்ளிப் போனாலும் படகும் வலையும் கரையில்தான் இருந்தாக வேண்டும். விடியற்காலையில் கொண்டல் அடிக்கிறதா கச்சான் அடிக்கிறதா என்று பார்க்க நடந்து வந்துதான் ஆக வேண்டும். சுற்றுலாப் பயணி கோட்டையைப் படம் எடுக்கும்போது படத்தின் ஓரத்தில் வலை பின்னுகிற ஆள், எல்லா ஒப்பந்தங்களுக்கும் முன்னால் இந்தக் கரையில் இருந்தவர்களின் வாரிசு. அருங்காட்சியகத்தில் அவர்களைப் பற்றி அதிகம் இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இங்கே ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். ஓசோன் வானத்தின் மேலே இருந்தால்தான் நமக்குப் பாதுகாப்பு. மூச்சுக் காற்றில் அதிகமானால் நுரையீரலுக்குக் கெடுதல். கடற்காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதாதா? தை, மாசி மாதங்களில் வந்தால் மழையும் இருக்காது, வெயிலும் கொளுத்தாது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். பழைய கலெக்டர் பங்களா இப்போது கடலைப் பார்த்த ஹோட்டல். பர்ஸ் இடம் கொடுக்காவிட்டால் பொறையாரிலும் திருக்கடையூரிலும் விடுதிகள் உண்டு. விடியற்காலையில் எழுந்து படகு கரையேறும் இடத்துக்குப் போனால் சங்கராவும் காலாவும் நெத்திலியும் கூடையில் மாறும் விலையைக் கேட்கலாம். ஏலத்தைப் பெண்கள்தான் ஆள்கிறார்கள். குறுக்கே நின்று செல்ஃபி எடுத்தால் வசவும் கேட்கலாம்.

கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். கோட்டைக்கு எதிரே அலைக்கடியில் பழைய மதிலின் இடிபாடும் கருங்கல்லும் கிடக்கின்றன, இழுப்பும் அதிகம். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே எது மலிவு என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே வாங்கியதை இங்கே வந்து குடித்துவிட்டுப் பாட்டிலை மணலில் உடைத்துப் போகிறார்கள். மறுநாள் காலையில் வெறுங்காலோடு வலை இழுக்கிறவர்கள் அந்த மணலில்தான் நிற்க வேண்டும். பாட்டிலை எடுத்துக்கொண்டே போய்விடுங்கள்.